நான் திருத்திய 'இன்னா'

நேற்று போளூர் டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் அக்கா நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றார். "எங்க மலைக்கார அக்காங்க" என்றேன் பக்கத்திலிருந்தவரிடம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை போலும்.

எண்ணெய் ஊறிய வடைக் காகிதத்தின் வாசனை வந்தாலே எனக்கு எங்கள் ஒன்றிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அக்கா அப்போது ஒன்றியத் தலைவர். நான் அங்கே தற்காலிகத் தட்டச்சர். பாதி நாள் மதியச் சாப்பாடே வடைதான். நிரந்தர வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். சாதிச் சான்றிதழ் கொடுக்க இரண்டே நாள் பாக்கி. ஜவ்வாது மலையில் எங்கள் பழங்குடி இனத்துக்குப் பெயர் மலையாளி. சான்றிதழ் தரவேண்டிய அதிகாரியோ இந்தப் பக்கத்துக்குப் புதியவர். "மலையாளின்னா கேரளாவுல போய் வாங்குப்பா" என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெரிய வீரன் நான்.

அக்கா என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரிடமே போனார். அதிகாரி அக்காவிடமும் அதையே சொன்னார்.

"இன்னா சொன்னீங்க?" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை.

அதிகாரி மறுபடி சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

"இன்னா சொன்னீங்க?"

மூன்றாம் முறை சொல்வதற்குப் பதில் மனுவை வாங்கிப் புரட்டினார்.

"ஜீப்பு வெளிய நிக்குது. வந்து எங்க வூட்ட, எங்க கொல்லைய பாருங்க. அப்புறம் கேரளாவான்னு சொல்லுங்க."

வந்தார். சாமைச் சோறு சாப்பிட்டார். அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். என் வேலையும் நிரந்தரமாயிற்று.

பிறகு அக்கா சட்டமன்றம் போனார். முதல் பேச்சை அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது நான்தான். 'இன்னா' வந்த இடமெல்லாம் 'என்ன' என்று திருத்திவிட்டேன்.

"இன்னா தம்பி, நான் பேசறது தப்பா?"

"சபைக்கு இதான்க்கா மரியாதை" என்றேன், பெரிய பண்டிதன் மாதிரி.

"சரி, படிச்சவன் சொல்ற" என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்.

நேற்று டெல்லியில் அக்கா பேசும்போது யாரோ குறுக்கே பேசினார்கள். அக்கா நிறுத்திவிட்டு, கோபமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். வடையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னீர்கள்?" என்றார்.

அவ்வளவு பெரிய சபை அடங்கிப்போயிற்று. டீக்கடையும்தான். "இன்னா தைரியங்க அந்தம்மாவுக்கு!" என்றார் பக்கத்திலிருந்தவர்.

தலையாட்டினேன். அந்த 'இன்னா' வாங்கிக் கொடுத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். அதை அக்கா வாயிலிருந்து எடுத்தவனும் நான்தான்.