ரயில் இல்லாத கமிஷனர்

ஓட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கள்ளி. ஈரோட்டில் முதல் ஓட்டுப் போடக் கிளம்பியபோது அப்பா ஒரு சின்னத்தைச் சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வேறொரு சின்னத்தைச் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரிடமும் "சரிங்க" என்று நல்லபிள்ளையாகத் தலையாட்டினேன். உள்ளே போய், அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று, என் மனசுக்குப் பட்டதில் முத்திரையைக் குத்திவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் இந்த வித்தையை வைத்துக் காலம் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் படிவம் என்றால் அது என் கணவருடைய வேலை. விசா, கிரீன் கார்டு, மகளின் ஸ்கூல் அட்மிஷன், என் டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அவர் நிரப்பியதுதான். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார், நான் போடுவேன். காத்திருந்து காத்திருந்து ஒருவழியாகச் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வந்தபோது, டெக்சஸில், பிளானோ ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று எனக்குக் கேள்வி பதில்களை உருப்போட வைத்தவரும் அவர்தான். நடுவில் நான் மிக்ஸியைப் போட்டால் குரலை உயர்த்த மாட்டார். அது நிற்கும்வரை தாளைப் பிடித்தபடி காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து கேட்பார். அந்தப் பொறுமைக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. எனக்கு எது நல்லது என்று அவருக்கே தெரிந்துவிடும். அதனால் என்னைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

சிட்டிசன் ஆன பிறகு வந்த முதல் தேர்தல், டெக்சஸ் மாநிலத்துக்கே பொதுவான பதவிகளுக்கானது. கவர்னரிலிருந்து விவசாயக் கமிஷனர்வரை இங்கே எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட வேண்டும். அதுவும் இரண்டு தடவை. "மார்ச் மாசம் ஒவ்வொரு கட்சியும் தனித்தனியா மாப்பிள்ளை பார்க்கும். அதுக்குப் பேர் பிரைமரி. நவம்பர்லதான் கல்யாணம்" என்று அவர் எனக்குப் புரியும்படி விளக்கினார். பிறகு ஒரு பட்டியல் தயாரித்தார். எந்தப் பதவிக்கு யார் என்று குண்டு குண்டான கையெழுத்தில் இரண்டு பிரதி. ஓட்டுப் போடும் இடத்தில் போனைத் தொடக்கூடாது, தாள் கொண்டுபோகலாம் என்பதையும் விசாரித்து வைத்திருந்தார்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. ரயில்ரோடு கமிஷனர்.

என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி காட்டுகிற வேலை. ரயிலுக்கென்று ஒரு கமிஷனர், அவரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால் சும்மா இருக்க முடியுமா? அதோடு என் மகள் ஹூஸ்டனில் படிக்கிறாள். காரில் நான்கு மணி நேரம். பக்கத்தில் டிரக் வந்தால் எனக்குக் கை வியர்த்துவிடும், அதனால் ஃப்ரீவேயில் தனியாக ஓட்டமாட்டேன். இங்கிருந்து அங்கே நேராகப் போக ஒரு ரயில் கிடையாது. கணவருக்கு லீவு கிடைக்கிற அன்றுதான் எனக்கு மகள்.

ஆகவே, பக்கத்து லைப்ரரியில் வேட்பாளர்கள் சிலர் பேசுகிறார்கள் என்று போர்டில் பார்த்ததும், அவர் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் நான் போய் உட்கார்ந்தேன். இருபது மடக்கு நாற்காலிகள், ஒரு தட்டில் பிஸ்கட். ரயில்ரோடு கமிஷனர் பதவிக்கு நிற்கிற ஒரு பெண்மணி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்கலாம் என்றதும் கை தூக்கிவிட்டேன்.

"இங்கேயிருந்து ஹூஸ்டனுக்கு எப்போது ரயில் வரும்?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன்.

அறை முழுக்கச் சிரித்தது. அந்தப் பதவிக்கும் ரயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது என்னைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது. எண்ணெய்க் கிணறு, கேஸ் குழாய், இதெல்லாம்தான் அந்தக் கமிஷனரின் வேலையாம். நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. பேர் ஒன்றாகவும் வேலை ஒன்றாகவும் இருந்தால் மக்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள், இந்தம்மா கேட்டதுதான் இன்றைக்குக் கேட்ட கேள்விகளிலேயே நியாயமான கேள்வி என்று சொன்னார். கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் எங்கே படிக்கிறாள், ஏன் ரயில் வேண்டும் என்று விசாரித்தார். ஒரு தாளின் பின்பக்கத்தில் கிணறு, குழாய், வீட்டு அடுப்பு என்று படம் போட்டு அந்தப் பதவி என்ன செய்யும் என்று காட்டினார். ஒரு குளிர்காலத்தில் கேஸ் குழாய்கள் உறைந்து, கரண்ட் இல்லாமல் நாங்கள் கம்பளிக்குள் கிடந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை இன்னொருவர் எழுதி வைத்துக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன், என் ஓட்டு இந்த அம்மாவுக்குத்தான்.

அவர் நிற்பது என் கணவருடைய கட்சியில் இல்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. வெளியே தலையாட்டுவது, உள்ளே நம் இஷ்டம். இது எனக்குக் கைவந்த கலை.

மார்ச் தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டுப் போட வசதியாக விட்டிருந்த நாட்களில் ஒன்றில், அதே லைப்ரரிக்குக் கணவரோடு போனேன். மேசையில் நரைத்த முடியோடு ஒரு அம்மாள், கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி. என் கணவர் முதலில் போனார். லைசென்ஸைக் கொடுத்தார். எந்தக் கட்சியின் பிரைமரி என்று அந்த அம்மாள் கேட்டார், இவரும் பளிச்சென்று சொன்னார்.

ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்துகொண்டு எந்தக் கட்சி என்று வாய்விட்டுக் கேட்பார்களா? எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் அடிதடி ஆகிவிடும். மாப்பிள்ளை பார்ப்பது கட்சிவாரியாக என்றால், எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று வாசலிலேயே சொல்லியாக வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கணவருடைய கட்சியைச் சொன்னால் அந்தப் பெண்மணியின் பெயர் என் ஓட்டில் இருக்கவே இருக்காது. மற்றதைச் சொல்வதென்றால் அவர் காதுபடச் சொல்ல வேண்டும். அவர் ஒரு அடி தள்ளி, பிரிண்ட் ஆகி வந்த தன் ஓட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார் அந்த அம்மாள். என் கடைசிப் பெயர் என் கணவருடைய பெயர். வீட்டில் "ஏனுங்க" என்று கூப்பிடுகிற மனுஷனின் பெயரை இந்த ஊரில் டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். அதையே அன்றும் சொன்னேன். அடுத்து, எந்தக் கட்சி?

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அவர், "சேம்" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஹோட்டலில் எனக்கும் சேர்த்து டீ சொல்கிற மாதிரி உதவிக்குச் சொன்னார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்து, "மன்னிக்கணும், இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை, ஆனால் சேம் இல்லை.

"அம்மிணி, அது இல்ல. நம்மளுது மத்தது" என்று அவர் பதறினார். எனக்கு இங்கிலீஷ் பிசகிவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம்.

"தெரியுமுங்க" என்றேன்.

அட்டை பிரிண்ட் ஆகி வந்தது. மெஷினில் அந்தப் பெண்மணியின் பெயரைத் தொட்டேன். கணவர் எழுதித் தந்த பட்டியல் மடித்தபடியே என் கைப்பையில் கிடந்தது.

காரில் திரும்பினோம். எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் அவர் தெருவைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ரொம்ப தூரம் போய்த் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அப்போ ஊர்ல? எங்கப்பா சொன்ன சின்னத்துக்கு?"

"அது ரகசியமுங்க."

"அடிப்பாவி" என்றார். அதன் பிறகு மூன்று நாள் அவரே காபி போட்டுக் குடித்தார். எங்கள் வீட்டில் சண்டை என்றால் அவ்வளவுதான்.

நான்காம் நாள் மனசு கேட்காமல் நானே லைப்ரரிக் கதையைச் சொன்னேன். ரயில் எப்போது வரும் என்று நான் கேட்ட இடத்தில் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. "ரயில்ரோடு கமிஷனர்கிட்டப் போயி ரயில் கேட்டயா!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

"எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க. அவங்க ஒருத்தர்தான் சிரிக்கல. எனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. நீங்க என்னைய அப்படிக் கேட்டிருக்கறீங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. காபி டம்ளரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டார். எனக்கே பாவமாகப் போய்விட்டது, காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

பிரைமரியில் அந்தப் பதவிக்கு யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை. முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களுக்குள் மே மாதம் மறுபடியும் ஓட்டு என்றார்கள். அந்த இரண்டு பேரில் நான் ஓட்டுப் போட்ட பெண்மணியும் ஒருவர். ஹூஸ்டனிலிருந்து மகள் போனில், "அப்பா கேன்ட் வோட் இன் திஸ் ஒன்" என்று கெக்கலி கொட்டினாள். மார்ச்சில் ஒரு கட்சிக்குள் போனவர் மே மாதம் இன்னொன்றுக்குள் போக முடியாதாம்.

உள்ளூர் லைப்ரரிதானே, நானே ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். "இல்ல, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று என் கணவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மே மாத வெயிலில் கார் தீயாய்க் கொதித்தது. அவருக்கு உள்ளே வேலை இல்லை. மரத்தடி தேடி நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தனியாகப் போய், என் வாயால் என் கட்சியைச் சொல்லி, போட்டுவிட்டு வந்தேன். கார்க் கதவைத் திறந்ததும், "கூட்டம் இருக்குதா? உன்ற ஆள் ஜெயிச்சுருவாங்களா?" என்று அவர்தான் ஆவலாகக் கேட்டார்.

அந்தப் பெண்மணி அதில் ஜெயித்து நவம்பருக்கும் வந்துவிட்டார். நவம்பரில் என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நவம்பர் ஓட்டுக்கு என் கணவர் பட்டியலை ஒரே ஒரு பிரதிதான் எழுதினார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த முறை இரண்டு கட்சியும் ஒரே அட்டையில் இருந்ததால் மேசையில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரவர் மெஷினுக்குப் போனோம். எனக்கு முன்னால் வெளியே வந்து காரில் உட்கார்ந்திருந்தார். நான் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கமிஷனருக்கு மட்டும் உன்ற ஆளுக்குப் போட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் ரகசியம்" என்று வண்டியை எடுத்தார்.

அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு கட்சி என்றால் ஒரு கட்சிதான், உயிரே போனாலும் மாற்றிப் போடமாட்டார்கள். அவர் அந்தப் பெயரைத் தொட்டாரா இல்லையா என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கட்டின மனைவியாலும் முடியாது. உண்மையாகவே போட்டிருந்தால் எனக்காகப் போட்டிருக்கிறார். பொய் என்றால் அதையும் எனக்காகத்தான் சொல்லியிருக்கிறார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்மேல் பொங்கி வந்த பிரியத்தில் கண் நிறைந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏன் அம்மிணி, தோத்துருவாங்கன்னு பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.