கைத்தடிக்கு உரியவர்

பஸ் டிப்போவின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கிய கொட்டகையை ஒட்டி ஓர் அறை உண்டு. பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருட்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதற்குப் பொறுப்பாக இருந்த அக்காவின் வேலை ரொம்பச் சுலபம். வந்த பொருளுக்குச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். யாராவது தேடி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை.

அக்காவுக்கு அப்படிச் சும்மா இருக்க வரவில்லை. ஈரக் குடைகளை விரித்து உலர்த்துவார். சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக் கவிழ்ப்பார். அணைந்துபோன கைபேசிகளுக்கு சார்ஜ் ஏற்றி, யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடப் பை வந்தால் மறுநாளே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'துப்பறியும் அக்கா'.

"உங்க வேலை இந்த அலமாரியோட முடிஞ்சுதும்மா. வீடு வீடா போகச் சொல்லி யார் கேட்டாங்க?" என்று மேலாளர் சலித்துக்கொள்வார்.

"யாரும் கேட்கல சார்" என்பார் அக்கா. அதுவும் உண்மைதான்.

கணவர் இருந்தவரை மூக்குக்கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டு வீட்டையே இரண்டாக்குவார். தேடி எடுத்துக் கொடுப்பதே அக்காவுக்குப் பாதி வேலை. அவர் போன பிறகு வீட்டில் எதுவும் தொலைவதில்லை. காலையில் வைத்த டம்ளர் சாயங்காலமும் அதே இடத்தில் இருக்கும். வெளியூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா? சரி, உடம்பைப் பார்த்துக்கோ." அதோடு சரி.

ஒருநாள் கண்டக்டர் ஒரு கைத்தடியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிடியில் நீல நாடா சுற்றியிருந்தது.

"யாரோடது?"

"ஒரு அம்மா வச்சிருந்தாங்கக்கா. தண்ணித்தொட்டி ஸ்டாப்ல இறங்கிட்டாங்க."

தடியைத் தேடி யாரும் வரவில்லை. அது இல்லாமல் யாரோ ஒருவர் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடக்கிறாரோ என்று அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது. வார விடுமுறையன்று மேலாளரிடம் சொல்லிவிட்டுத் தடியோடு கிளம்பினார்.

தண்ணித்தொட்டிக்கு எதிரில் இருந்த மருந்துக்கடைக்காரர் பார்த்ததுமே சொன்னார்: "எதிர் மாடி வீட்டு சார் தடியாச்சே! கொஞ்ச நாளா ஆளையே காணோம்."

அக்கா மாடியேறிக் கதவைத் தட்டினார். அவர் வயசே இருக்கும் ஓர் அம்மா திறந்தார். தடியைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"பஸ்ல மறந்துட்டீங்க. அதான் கொண்டுவந்தேன்."

"மறக்கலம்மா. வேணும்னேதான் விட்டுட்டு வந்தேன்." அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். "சொந்த ஊருக்குப் போன இடத்துல அவர் போய்ச் சேர்ந்துட்டார். இது மூலையில சாஞ்சு நின்னா, அவர் குளிச்சிட்டு வந்துடுவார்ங்கற மாதிரியே இருக்கு. குப்பையில போடவும் கை வரல. பஸ்ல விட்டா யாராவது எடுத்துப்பாங்கன்னு நினைச்சேன்."

என் வீட்டிலும் இப்படித்தான் என்று அக்கா சொல்லியிருக்கலாம். தடியைத்தான் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க. தெரியாம வந்துட்டேன்."

"உங்க மேல என்ன தப்பு? இவ்வளவு மெனக்கெட்டு யார் வருவா?" அந்த அம்மா தடியைத் தொடவே இல்லை. "எடுத்துட்டுப் போயிடுங்கம்மா."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மறுபடி திறக்குமோ என்று அக்கா கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே டிவி சத்தம் கூடியது.

திரும்பும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. தடியைப் பார்த்த ஒரு பெண் சட்டென்று எழுந்தாள்.

"உட்காருங்கம்மா. எங்க இறங்கணும்?"

"டிப்போ."

"வந்ததும் நான் சொல்றேன். நீங்க கொஞ்சம் கண்ணை மூடிக்கோங்க."

எனக்குக் காலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். தனக்காக ஒருவர் எழுந்து நின்று எத்தனை காலமாயிற்று! அப்படியே உட்கார்ந்து, கண்ணையும் மூடிக்கொண்டார்.

டிப்போ வந்ததும் அந்தப் பெண் தோளைத் தொட்டு எழுப்பினாள். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்ததால், பஸ் நகரும்வரை அக்கா தடியை ஊன்றி மெதுவாகவே நடந்தார்.