பெத்தம்மாளின் ராசா

எங்கள் தேவதானத்துப் பெத்தம்மாளுக்குப் பயமே கிடையாது என்பார்கள். சுத்தப் பொய். போன வருடம் அவளுடைய குலசாமி ராசாசாமியின் பீடத்துக்குப் பின்னால் தொல்லியல்காரர்கள் குழி தோண்டக் கயிறு கட்டியபோது, இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்துச் சிற்றரசர் ஒருவரை அங்கே புதைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறதாம். அவர்தானே ராசாசாமி! கிடைத்தால் சாமியை மியூசியத்துக்குத் தூக்கிப் போய்விடுவார்களே! காவல் இருக்க வேண்டுமென்று, மண் அள்ளும் வேலைக்கே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

முதல் வாரமே எலும்பு வந்தது. ஆய்வுத் தலைவி கமலினி ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த நேரம். வேடிக்கை பார்க்க வந்த நிருபருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பேப்பரில் ‘ராஜாவின் எலும்பு’ என்று கொட்டை எழுத்து. ராஜபாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்து கும்பிட்டுப் போனார்கள்.

திரும்பி வந்த கமலினி ஒன்றைக் கையில் எடுத்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள். “என்னக்கா இது?”

“கிடா எலும்பு தாயி. போன ஆடியில தின்னோம். சாமிக்கு வெட்டுனத வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுல்லா? மிச்சத்த இங்கனயே பொதைச்சிருவோம்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“இதையே ராசான்னு அள்ளிட்டுப் போயிருவிய, சாமி தப்பிச்சிரும்னு நெனச்சேன்.”

ஊரே சிரித்தது. கமலினியை மேலிடம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டது. பெத்தம்மாளுக்கு ஏகக் கொண்டாட்டம்.

கடைசி நாள் குழியைச் சுத்தம் செய்கையில் அவள் கொத்துக்கரண்டி ஒரு பலகைக் கல்லில் இடித்தது. கல்லின் உடைந்த ஓரத்தில் பாத எலும்பு. மனுஷப் பாதம். சுற்றிலும் பார்த்தாள், யாருமில்லை. மளமளவென்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள்.

எட்டிப் பார்த்தால் கமலினி கூடாரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். பாவமாகத்தான் இருந்தது. அதைவிட, இவளுக்கே ஆசை வந்துவிட்டது. இத்தனை வருடம் கும்பிட்டவரை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். “தாயி, இங்க ஓடியாங்க!” என்று போட்ட சத்தம் சோழபுரம் வரை கேட்டிருக்கும்.

யானையிலிருந்து விழுந்து இடது தொடை முறிந்து, சாகும்வரை நொண்டி நடந்தவர் அந்த அரசர் என்கிறது கல்வெட்டு. கல்லுக்கடியில் கிடந்தவரின் இடது தொடை எலும்பும் முறிந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. ஆய்வகத்திலிருந்து வந்த காலக்கணிப்பும் ஒத்துப்போனது. அவரேதான்!

கமலினி அந்த எலும்பைக் காட்டினாள். பெத்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்புட்டு வலிச்சிருக்கும்! இது தெரியாம, வருசா வருசம் அதக் குடு இதக் குடுன்னு அவியளப் பாடாப் படுத்திருக்கேனே.”

மியூசியத்துக்கு வேன் கிளம்பிய அன்று, இவள் குறுக்கே விழுந்து மறிப்பாள் என்று ஊர் திரண்டு நின்றது. நானும்தான். பெத்தம்மாள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே வேனில் ஏறி, எலும்புப் பெட்டியைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏலே வினோத்து,” என்றாள் டிரைவரிடம், “பள்ளம் பார்த்து மெதுவா ஓட்டு. அவியளுக்குக் கால் சரியில்ல.”