கடலுக்கு அந்தப்புறம் இரண்டு பிள்ளைகள்

என் தலைப்பிரசவத்தைப் பார்க்க அம்மா உயிரோடு இல்லை. அதனால் கொழும்பிலிருந்து அக்கா வந்தாள். அங்கே அவள் கணவர், என் மாமா, ரோடு போடும் இலாகாவில் தினக்கூலி. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மகள் அப்போதுதான் பால்குடி மறந்திருந்தாள். இருவரையும் மாமாவிடம் விட்டுவிட்டு, பச்சைக் குழந்தைக்குத் தலை நின்றதும் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் அக்கா கப்பலேறினாள்.

திண்டிவனத்தில் அவள் எனக்குப் பத்தியச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. இலங்கையில் நம் கூலிக்காரர்களை மதிப்பதில்லை, ஆகவே இனி யாரும் இங்கிருந்து அங்கே கூலி வேலைக்குப் போகக் கூடாது. வக்கீல் குமாஸ்தாவான என் வீட்டுக்காரர் பேப்பரைப் படித்துக் காட்டினார்.

"ஒங்க நல்லதுக்குத்தான் போட்டுக்கிறாங்க அக்கா."

"நல்லது பண்ணட்டும் தம்பி. எம் புள்ளைங்களுக்கு யாரு தலை வாரி உடறது?"

பேப்பரில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சட்டம் என்று ஒன்று இருந்தால் வழி என்று ஒன்று இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. கூலியாகப் போகத்தானே தடை, குடும்பத்தோடு சேரப் போகிறவளை யார் தடுப்பது என்று அக்காவை அனுமதி கொடுக்கும் அதிகாரியிடம் அழைத்துப் போனார். நானும் கைக்குழந்தையோடு போனேன்.

"புருஷனுக்கு இன்னா வேலை?" என்று கேட்டார் அதிகாரி.

"ரோட்டுல கல்லு கொட்டறாருங்க."

"அப்ப கூலிதான்."

"அவுருதாங்க கூலி. நான் அவுரு சம்சாரம்."

"சம்சாரம்னு காயிதம் இருக்குதா?"

அவர்கள் கல்யாணம் ஊர் மாரியம்மன் முன்னால் நடந்தது. ஊரே சாப்பிட்டது, ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அதிகாரி கெட்டவர் அல்ல. கிராம முன்சீப் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அந்தக் கல்யாணத்தில் இரண்டு பந்தியில் உட்கார்ந்த முன்சீப், "விசாரித்த வகையில் தெரியவருகிறது" என்று எழுதிக் கொடுத்தார்.

விழுப்புரத்து வக்கீல் ஒருவர் அதை வைத்து, விதிவிலக்கு கேட்டுச் சென்னைக்கு மனுப் போட்டார். புதுச்சேரி வழியாகப் போனால் கேள்வி இல்லை என்று யாரோ சொன்னதையும் அவரிடம் கேட்டோம்.

"பிரெஞ்சுக்காரங்க பிரஜையா இருந்தா யோசிக்கலாம்மா. நீங்க வளவனூருக்குக் கெழக்க கொஞ்சம் தள்ளி, எல்லைக்கு அந்தாண்ட பொறந்திருக்கணும்" என்றார், பிறந்த இடம் அக்காவின் கவனக்குறைவு போல.

பிள்ளைகளை இங்கே அழைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. ஆனால் கூட்டி வர மாமா கிளம்பினால் வேலை போகும், திரும்பவும் முடியாது. ஆகவே எல்லோரும் காத்திருந்தோம். அக்கா கடலை மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போனாள். மாலையில் வந்து என் மகனைத் தூக்கி இரண்டு பெயர் சொல்லிக் கொஞ்சுவாள். இரண்டும் அவன் பெயர் அல்ல.

கடைசியில் வழியைத் திறந்தது இலங்கை சர்க்கார். இந்தியத் தினக்கூலிகள் வேண்டாம் என்று, மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாக டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் அவர்கள் இறங்கியபோது மகன் ஓடி வந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மகள் மாமாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அப்பா, இது ஆரு?"

அக்கா சிரித்தபடியே, "தூரத்துச் சொந்தம்டி கண்ணு, வா" என்றாள். பிறகு தண்ணீர்க் குழாய் இருந்த பக்கம் போனாள். அவள் முகம் கழுவி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. இலங்கையில் வசிக்கும் தன் கணவரோடும் குழந்தைகளோடும் சேர்ந்துகொள்ள அக்காவுக்கு அனுமதி. அதை என் வீட்டுக்காரர் உரக்கப் படித்தபோது, இலங்கையில் வசிக்கும் கணவர் எங்கள் கூடத்தில் கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போவலாமா?" என்றார் மாமா.

"நீங்க போவ முடியாது. இலவச டிக்கெட்டுல வந்தவங்க திரும்பப்படாது. அக்கா போவலாம். போனப்புறம் ஒங்களக் கூப்புட மனுப் போடலாம்."

"போவலன்னு எழுதிடுங்க தம்பி" என்றாள் அக்கா.

"போவாம இருக்கறதுக்கு மனு வாணாங்க்கா." அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மாமாவுக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் கரி அள்ளும் வேலை கிடைத்து, அங்கேயே குடிபோனார்கள். சின்னவள் என்னைப் போலவே அக்காவையும் நெடுநாள் "சித்தி" என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது என் மகன் என்னை அழைப்பதைக் கேட்டுத்தான் "அம்மா" என்று மாற்றினாள். அதுவும் முதலில் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அக்காவின் பக்கம் நான்தான் அவளைத் திருப்பி நிறுத்தினேன்.