அப்பாவின் சம்பளம் நின்ற மாதம்

போன பருவ மழைக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு சனிக்கிழமை காலை, கெலிஓயாவில் எங்கள் குறுகலான ஒழுங்கைக்குள் ஆமி ஜீப் ஒன்று வந்து நின்றது.

நல்ல காலத்திலேயே ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறவர்கள் நாங்கள். எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு செல்வி நைட்டியோடு வாசலில் நிற்கிறார். எதிரே இரண்டு மிலிட்டரி பொலிஸ்காரர்கள்.

“மஹத்தயா கோ?” என்றார் ஒருவர். கணவர் எங்கே என்று கேட்கிறார்.

செல்வி சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பில்லை... அலுத்துப்போன சிரிப்பு. “அதத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்று சிங்களத்தில் சொன்னார்.

விஷயம் இதுதான். செல்வி ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இங்கே ஒரு புடவைக் கடையில் வேலை. கணவர் சிவா ஆமியில் டிரைவர். தோட்டத்துத் தமிழர்களில் ஆமிக்குப் போன அபூர்வமான ஆள். கல்யாணம் சில வருடம்தான் நிலைத்தது. மகள் தர்ஷி கைக்குழந்தையாக இருக்கும்போதே பிரிந்துவிட்டார்கள். செல்வி தாபரிப்பு வழக்குப் போட்டார். பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் இவ்வளவு என்று நீதவான் தீர்ப்புச் சொன்னார். அந்த உத்தரவு ஆமிக்குப் போனது. சம்பளத்தில் வெட்டி, நேரே செல்வியின் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்தது.

எங்கள் ஒழுங்கையே செல்வியை அதிர்ஷ்டக்காரி என்றது. தனியார் வேலைக்காரன் என்றால் இன்றைக்கு இந்தக் கம்பெனி, நாளைக்கு வேறு கம்பெனி என்று தப்பிவிடுவான். ஆமிக்காரனின் சம்பளம் எங்கே ஓடப்போகிறது?

சம்பளம் ஓடவில்லை. ஆள் ஓடிவிட்டார்!

லீவில் போனவர் முகாமுக்குத் திரும்பவில்லை. ஆள் இல்லை என்றால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை என்றால் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? பணம் நின்றது. செல்வி திரும்பவும் நீதவான் கோட்டுக்குப் போனார். கோட் முகாமைக் கேட்டது. முகாம் செல்வியைக் கேட்க ஜீப் அனுப்பியிருக்கிறது. அவர்களிடம் இருந்த ஒரே விலாசம் செல்வியின் வீடுதான் — சிவா வருடக்கணக்காகக் கால் வைக்காத வீடு.

வந்தவர்கள் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்கள். தர்ஷி பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில், கடைக்குச் சாமான் ஏற்றி வரும் லொறி டிரைவர் ஒரு தகவல் கொண்டுவந்தார். கலகெதரவில் சீமெந்துக் கல் வார்க்கும் இடமொன்றில் சிவாவைப் பார்த்தாராம். “தனியாப் போக பயமா இருக்குக்கா, நீங்களும் வர்றீங்களா?” என்றார் செல்வி. போனேன். இரண்டு பஸ், நல்ல வெயில்.

சிவாதான். தாடி வைத்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. எங்களைக் கண்டதும் கையிலிருந்த கல்லை அப்படியே கீழே வைத்தார்.

“காட்டிக் குடுத்திராத செல்வி. உள்ள போட்டுருவாங்க. நான் உள்ள போனா ஒனக்கு மட்டும் என்ன கெடைக்கப் போவுது?”

“இப்ப மட்டும் கெடைக்குதா?”

“கடனுக்கு வெட்டு, ஒனக்கு வெட்டு... மிச்சத்த வச்சிக்கிட்டு ஒரு மனுசன் என்ன செய்ய? லீவுல வந்தேன். திரும்பிப் போக மனசு வரல. அவ்வளவுதான்.”

பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். கெட்டவன் என்று முத்திரை குத்திவிட்டால் நமக்கு எவ்வளவு சுலபம்!

செல்வி குரலை உயர்த்தவே இல்லை. “ஆமிக்குப் பயந்து ஒளிஞ்ச, சரி. புள்ளைக்கு ஏன் ஒளிஞ்ச? அவ என்ன மிலிட்டரி பொலிஸா?”

சிவா தலையைக் குனிந்துகொண்டார். “இப்ப எத்தனாம் வகுப்பு?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல், கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய், கசங்கிய நோட்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து நீட்டினார். செல்வி வாங்கிக்கொண்டார். மானம் பார்த்து மறுப்பதெல்லாம் டிவி நாடகத்தில். பிள்ளைக்குப் பள்ளிக்குப் போடச் சப்பாத்து வேண்டும்.

திரும்பும் பஸ் ஏறினோம். கட்டுகஸ்தோட்டை வந்தபோது செல்வி சொன்னார். “கோட்ல சொல்லப் போறேன்க்கா.”

“ஆளைப் பிடிச்சு அடைச்சிட்டாங்கன்னா?” என்றேன்.

“தெரியும்க்கா. ஆனா அப்பா கேம்ப்ல இருக்காருன்னு புள்ளைகிட்ட பொய் சொன்னேன். இனி எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு ஜட்ஜ் ஐயாகிட்டயும் பொய் சொல்லணுமா? விட்டுட்டுப் போன ஒரு ஆளுக்காக எத்தன பொய்தான் சொல்றது?”

சிவாவிடம் வாங்கி வந்த நம்பருக்கு அந்தப் பஸ்ஸிலிருந்தே போன் போட்டு, அவருக்கும் சொன்னார். “சொல்லாமச் செஞ்சுட்டேன்னு பொறகு பேசக்கூடாது.”

வழக்கு எடுக்கப்பட்ட அடுத்த தவணை நாளன்று செல்வி அந்த விலாசத்தைக் கொடுத்தார். கோட் சிவாவுக்குப் பிடியாணை போட்டது. அதற்கிடையில், முகாமுக்குத் திரும்பாத சிப்பாய்களுக்குப் பொது மன்னிப்பு என்று அறிவித்தார்கள். சிவா போய்ச் சரணடைந்தார். சிறை இல்லை. சட்டப்படி விலக்கிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் — பென்ஷனும் கிடையாது. அந்தக் கடிதத்தோடு, பொலிஸ் தேடி வருமுன் தானாகவே கோட்டுக்கு வந்துவிட்டார். கல் வார்க்கும் கூலிக்கு ஏற்றபடி நீதவான் தொகையைக் குறைத்தார். நின்ற மாதங்களுக்குரியதைப் பகுதி பகுதியாகக் கட்ட வேண்டும். இனி வங்கிக்கு வராது. மாதாமாதம் கோட்டுக்கு வந்து கட்டுவார், செல்வி கடைக்கு அரைநாள் லீவு போட்டு வந்து வாங்கிக்கொள்வார்.

இந்த உத்தரவு வந்த அன்றைக்குப் பள்ளி விடுமுறை. தர்ஷியும் வந்திருந்தாள். கோட் வாசலில் அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். அவள்தான் முதலில் கேட்டாள்.

“கேம்ப்ப மூடிட்டாங்களாப்பா?”

சிவா செல்வியைப் பார்த்தார். செல்வி சுவரைப் பார்த்தார்.

“ஆமாம்மா... மூடிட்டாங்க” என்றார் சிவா.

செல்வி வென்றாரா, தோற்றாரா? பல நாள் யோசித்துவிட்டேன், தெரியவில்லை. கேட்டால், “கோட்டுக்கு அலைஞ்சு காலு வலிக்குதுக்கா” என்கிறார். மூன்று மாதத்தில் இரண்டு முறை சிவா வந்து கட்டியிருக்கிறார். மூன்றாவது முறை கோட் வாசல் மர வாங்கில் நாங்கள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

ஓடிப்போன சிப்பாயை நாடு மன்னித்துவிட்டது. ஓடிப்போன அப்பாவை என்ன செய்வது என்பதற்கு... அடுத்த மாதம் தவணை போட்டிருக்கிறார்கள்.