முதல் பக்கத்தில் ஒரு திருத்தம்

"நீங்க சொன்னதை அப்படியே படிக்கிறேன், கேட்டுக்குங்க சார்" என்று ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தாளைக் கையில் எடுக்கிறார் அந்தப் பெண்மணி. மறுமுனையில் சாலைப் பிரிவு அதிகாரி. "'மூன்று மாதத்துக்குள் பாலம் திறக்கப்படும்.' சரிதானே?" அங்கிருந்து ஏதோ முனகல். "'திறக்கப்படலாம்'னு மாத்தணுமா? காலையில அடிச்சுச் சொன்னீங்களே!" மறுபடி முனகல். "சரி சார், காலையில இப்படிச் சொன்னார், சாயங்காலம் அப்படிச் சொன்னார்னு ரெண்டையும் போட்டுடறேன்." அதிகாரி அவசர அவசரமாகப் பழைய வாக்கியத்துக்கே திரும்பிவிடுகிறார்.

இருபத்திரண்டு வருடமாக அவர் ஒரு நாளிதழின் நிருபர். செய்தி கேட்க ஒரு போன். எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக்காட்ட, அச்சுக்குப் போகுமுன் இன்னொரு போன். அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டாவது போன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "மூணாவது போன் பண்ற அளவுக்கு வெச்சுக்காதீங்கப்பா, அவ்வளவுதான்" என்பார்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் மணி குறித்திருக்கும். வாங்கிவைத்த டீ ஏடு கட்டும் வரை தொட மாட்டார். கட்டிய பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு "சூடே இல்ல" என்று குறைப்படுவார். வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். அது ஏன் என்பதுதான் அவராலேயே உறுதிப்படுத்த முடியாத ஒரே தகவல்.

வீட்டிலும் இதே கூத்துதான். வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலாகிவிட்டது என்று தங்கை அழுதுகொண்டே போன் செய்தபோது, "அழாதே. யார் சொன்னா? ஆர்டரைக் கண்ணால பார்த்தியா?" என்று கேட்டிருக்கிறார். தங்கை ஒரு வாரம் பேசவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நிருபரின் கணவர் மட்டும் இதற்கெல்லாம் அசருவதில்லை. "நான் கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொன்னப்பவே திரும்ப போன் பண்ணி உறுதிப்படுத்திக்கிட்டவங்க இவங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர்தான் போன மாதம் சறுக்கினார்.

குளோரின் கலக்காத குடிநீர் நான்கு தெருக்களுக்குப் போய், முப்பது பேர் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்கள். பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் தூங்கிவிட்டார் என்றார் குடிநீர்ப் பொறியாளர். சுவரில் தொங்கிய ஷிப்ட் பலகையில் அந்த ஆபரேட்டரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததை நம் நிருபரே நேரில் போய்ப் பார்த்தார். பொறியாளருக்கு ரெண்டாவது போன் போட்டார். அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. ஆபரேட்டருக்கும் போட்டார், பம்ப் ஹவுஸ் எண்ணுக்கு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. 'அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று கடைசி வரியை எழுதினார். முதல் பக்கத்தில் பெயரோடு வந்தது செய்தி.

நான்காம் நாள் ஆபரேட்டரின் மனைவி அலுவலகப் படியேறி வந்து, முத்திரை குத்திய விடுப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "அன்னைக்கு அவர் வேலைக்கே போகலம்மா. பொண்ணு சர்டிஃபிகேட்டுக்காகப் பள்ளிக்கூடத்துல நின்னுட்டிருந்தாரு. நீங்க எந்த நம்பருக்குப் போன் பண்ணீங்க?"

பம்ப் ஹவுஸ்காரர்கள் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்வார்கள். ஆள் மாறினாலும் பலகையை யாரும் மாற்றி எழுதுவதில்லை. அங்கே வேலை செய்யும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். அவர் இல்லாத இடத்துக்கு மணி அடித்துவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. அந்த அம்மாவை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

அன்றே பம்ப் ஹவுஸுக்கு ஓடினார். மாற்று ஆளும் தூங்கவில்லை. பத்து நாளாகக் குளோரின் சிலிண்டரே காலி. புதிதாகக் கேட்டு எழுதிய கடிதம் பொறியாளரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்திருக்கிறது. இதைச் செய்தியாக எழுத அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும், இன்னொரு சாட்சி வேண்டும். எப்படியும் இரண்டு நாளாகும்.

"திருத்தத்தை எட்டாம் பக்கத்துல போட்டுடலாம், மூணு வரி" என்றார் செய்தி ஆசிரியர்.

"தப்பு முதல் பக்கத்துல வந்தது சார்."

"முதல் பக்கத்துல நாமளே நம்ம மூஞ்சியில கரி பூசிக்கணுமா?"

"அவர் மூஞ்சியில பூசும்போது அங்கதானே பூசினோம்."

செய்தி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், நாளிதழின் மானம் அவருக்குத் தன் மானம் மாதிரி. "சரி, கீழே ஒரு பெட்டி தர்றேன். ஆனா உன் பேரு அதுல வேண்டாம். திருத்தத்துல யார் பேரும் போடுற வழக்கம் இல்ல. சிலிண்டர் விஷயம் உன் பேர்லதான் வரப்போகுது. 'போன வாரம் தப்பா எழுதின பொம்பளைதானே'ன்னு அந்த இன்ஜினியர் ஒரே வரியில தட்டி விட்டுடுவான்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நிருபரும் தலையாட்டினார்.

இந்த ரெண்டாவது போனைப் போனில் பேச அவருக்கு மனம் வரவில்லை. மதியமே தாளை எடுத்துக்கொண்டு ஆபரேட்டரின் வீட்டுக்குப் போனார்.

ஆபரேட்டர் பனியனோடு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லப்பட்டு வீட்டில் கிடந்த நான்கு நாளில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டாராம். மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, "தைரியமா குடிங்க மேடம், கொதிக்க வெச்சதுதான். முழிச்சிருந்துதான் வெச்சோம்" என்றார் ஆபரேட்டர். நிருபர் முழு டம்ளரையும் குடித்தார். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. "பள்ளிக்கூடத்துல எவளோ தண்ணி பாட்டிலை நீட்டி, உங்கப்பா முழிச்சிட்டிருந்தாரான்னு கேட்டாளாம். மூணு நாளாப் பொண்ணு போகமாட்டேங்கிறா" என்றார் மனைவி.

நிருபர் படித்தார். ஆபரேட்டர் இன்னார் பணியில் தூங்கியதாக வெளியான செய்தி தவறு. அன்று அவர் முறையான விடுப்பில் இருந்தார். நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார் ஆபரேட்டர். விசிறி இறக்கையைத் துணியால் இன்னொரு தரம் துடைத்தார். "எம் பேரை எடுத்துட முடியுமா?"

"அய்யோ, பேரு இல்லாட்டி யாரைச் சொல்றாங்கன்னு எவனுக்குத் தெரியும்?" என்று மனைவி பதறினார். "இதைக் கொண்டுபோய்த்தானே பள்ளிக்கூடத்துல காட்டணும்!"

"அதுவும் சரிதான்" என்றார் ஆபரேட்டர். கோபமாகப் பேசியிருந்தால் நிருபருக்குச் சுலபமாக இருந்திருக்கும்; அவர் கணக்குப் பாடம் கேட்பவர்போலக் கேட்டார். "ஆனா பாருங்க மேடம், இந்தத் தாள்ல தப்புன்னு ரெண்டு தடவை வருது. பேருன்னு ஒண்ணே ஒண்ணுதான் வருது, என்னுது. அவசரமாப் படிக்கிறவன் இது ரெண்டையும் சேர்த்துத்தானே படிப்பான்? தப்புப் பண்ணினது யாருன்னு இதுல எங்கேயுமே காணோமே."

கேள்விக்கு நிருபரிடம் வழக்கமான பதில் இருந்தது. திருத்தத்தில் பெயர் போடுவதில்லை, அது நாளிதழின் முறை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து எழுத வேண்டிய சிலிண்டர் செய்தியும், அதை ஒரே வரியில் தட்டிவிடக் காத்திருக்கும் பொறியாளரும் அவர் நினைவுக்கு வராமல் இல்லை. ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். தாளை முழங்காலில் வைத்து, 'நேர்ந்த தவறுக்கு' என்பதை அடித்தார். அதற்கு மேலே, இனிஷியலோடு தன் முழுப் பெயரை எழுதி, 'செய்த தவறுக்கு' என்று சேர்த்து, கதவுக்கு அப்பாலும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.