முள் பாதியைத் தாண்டினால்

கைப்பிடியைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே போய், மணி 'கிணுங்' என்றதும் முன்னுக்கு ஒரு சுற்று சுற்றி நிறுத்துகிறார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓர் எண்ணை எழுதுகிறார். மறுபடியும் கைப்பிடி. தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில், மற்றவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு பின்னேரம்தோறும் கேட்கும் சத்தம் இது. மாதக் கணக்குப் பார்க்க வாங்கிப்போட்ட, கையால் சுற்றும் கணக்கு மெசினை, சின்னக் கிளாக்கர் சரவணமுத்து தன் பல்கலைக்கழகப் படிப்புக்குச் சுற்றியே கைப்பிடியின் பூச்சைக் கழற்றிவிட்டார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மெசின் ஐயா'.

ஆள் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, பதுளைக் குளிருக்குப் போடும் சுவெட்டரின் பொத்தான்கள் ஒருநாளும் சரியான துளையில் இருந்ததில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார். குடிக்க வருவது என் மருந்துச்சாலைக்கு. நான் தோட்டத்து மருந்துக்காரன். நோயாளிகளின் வாங்கில் உட்கார்ந்து, மருந்துப் போத்தலில் ஒட்ட நான் வெட்டி வைத்த காகிதத் துண்டுகளையெல்லாம் கணக்குப் போட்டே தீர்த்துவிடுவார். திட்டினால் சிரிப்பார்; மறுநாளும் எடுப்பார்.

அவர் வெளிவாரி மாணவர், வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பரீட்சை எழுதுகிறவர். படிக்கும் பாடங்களில் ஒன்று எண்சார் பகுப்பாய்வு. நேராக விடை தராத கணக்கை, உத்தேசமான ஒரு விடையில் தொடங்கி, படிப்படியாக நெருங்கிப் பிடிக்கிற வித்தை என்று எனக்கு விளங்கவைத்தார். கொம்பியூட்டருக்கான கட்டளைகளைக் கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொழும்புக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே அட்டைகளில் துளையிட்டு அதற்கு ஊட்டுவார்களாம். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு ஒருமுறை விடைக்குப் பதிலாக ஒற்றை வரி வந்தது: எங்கோ ஒரு காற்புள்ளி விட்டுப்போயிற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முதல் தாளிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

"கொம்பியூட்டரும் எங்கட பெரிய கிளாக்கர் மாதிரித்தான் அண்ணை. பிழையெண்டு சொல்லும், பிறகு வாய் திறவாது" என்றார். அந்தப் பொருளை அவர் இன்னும் கண்ணால் கண்டதில்லை.

போன வருடம் செய்முறைப் பரீட்சையில் தவறிவிட்டார். இந்த முறையும் தவறினால் மறுபடி எழுத விடமாட்டார்கள். முறையெல்லாம் சரியாக இருந்தும் விடை ஏன் கீழே சறுக்கியது என்று பல மாதங்கள் மண்டையை உடைத்துக்கொண்டவர், ஒருநாள் மழையில் நனைந்தபடி மருந்துச்சாலைக்குள் வந்தார்.

"பிடிச்சிட்டன் அண்ணை. என்ர கைதான் கள்ளன்."

மத்தியானத்தில் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்த்து எண் சொல்லி எழுதுவது அவர் வேலை. முள் எங்கே நின்றாலும் கீழே உள்ள முழு இறாத்தலைத்தான் சொல்ல வேண்டும், மிச்சம் தோட்டத்துக்கு. இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வருடக்கணக்காக இப்படி வெட்டிப் பழகிய கை, பரீட்சைத் தாளிலும் தசமங்களை வெட்டித் தள்ளியிருக்கிறது. பாதிக்கு மேலே என்றால் கூட்டவும் வேண்டும் என்ற விதி தெரியாமல் அல்ல, கை கேட்கவில்லை.

"கூட்டியும் குறைச்சும் போட்டா பிழையும் பிழையும் ஒண்டையொண்டு திண்டிடும். எல்லாத்தையும் ஒரே பக்கம் வெட்டினா சேர்ந்துகொண்டே போகும். பகல் முழுக்க வெட்டுற கை பின்னேரம் திருந்துமே?"

ஆகவே தராசிலேயே திருந்த முடிவு செய்தார். முள் பாதியைத் தாண்டினால் மேல் எண். தாண்டாவிட்டால் கீழ் எண். தன் பரீட்சைக்காகத்தான் தொடங்கினார். ஆனால் ஓர் இறாத்தல் குறைந்ததால் அரைப் பேரோடு, அரைநாள் சம்பளத்தோடு, வீடு போகிறவர்கள் இருக்கிற இடத்தில் அது வெறும் பயிற்சியாக நிற்குமா?

பெரிய கிளாக்கர் சிற்றம்பலம் கூப்பிட்டு விசாரித்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நாங்கள் வெட்டுறது கொழுந்தின்ர ஈரத்துக்கு, தம்பி."

"ஈரத்துக்கும் கூடைக்கும் வேறயா வெட்டுறம், ஐயா."

"நீர் பட்டம் எடுத்தா எனக்கும் சந்தோசம்தான். ஆனா சோதினைக்குப் போற லீவுக்கு துரையிட்டச் சொல்ல வேண்டிய ஆள் நான். தராசைப் பழையபடி பாரும்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. "சோதினை முடியுமட்டும் தலையைக் குனிஞ்சு போமன்" என்று புத்தி சொன்னேன். அவர் பனங்கட்டியைக் கடித்தபடி, "குனிஞ்சு பாத்தா முள் பிழையாத் தெரியும் அண்ணை" என்றார். இவரோடு பேசி வென்றவர் யார்?

இந்தச் செவ்வாய்க்கிழமை, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட ஒரு விரலுக்குக் கட்டுப்போட மடுவத்துக்குப் போயிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் சிற்றம்பலம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமியின் கூடை தராசில் தொங்கியது. முள் பதினேழைக் கடந்து, பாதிக்குச் சற்று முன்னால் நின்றது.

"பதினேழு" என்றார் சரவணமுத்து.

"ஏங்கய்யா, நேத்து கூட்டிப் போட்டீங்க, இன்னைக்குக் கொறைக்கிறீங்களே?"

"நேற்றுத் தாண்டினது, இண்டைக்குத் தாண்டேல்லை. நீங்களே வந்து பாருங்கோ."

அவள் எட்டிப் பார்த்து, "சரிதாங்க" என்று நகர்ந்தாள். பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று சிற்றம்பலத்தின் முகம் இளகியது.

அடுத்தது அவள் நாத்தனாருடைய கொழுந்து. முள் பதினெட்டைக் கடந்து, பாதியையும் கடந்து நின்றது. சிற்றம்பலம் தொண்டையைச் செருமினார்.

"பத்தொன்பது" என்றார் சரவணமுத்து.

"பதினெட்டு" என்றார் சிற்றம்பலம்.

"பத்தொன்பது, ஐயா."

மடுவத்தில் பென்சிலால் எழுதுவதுதான் வழக்கம். பெரிய கிளாக்கர் கந்தோரில் பார்த்துத் திருத்திக்கொள்வார். சரவணமுத்து பென்சிலைக் காதில் செருகினார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே எண்ணை எழுதினார். பிறகு குனிந்து, மை காயும்வரை அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தார்.